சிப்பி வாயை மூடிக்கொண்டால்



ஏரியிலோ கண்மாயிலோ தண்ணீர் வற்றுகிற சமயத்தில் இறங்கி நடந்திருப்பீர்கள். காலில் சுருக்கென்று ஏதோ குத்தும். குனிந்து எடுத்துப் பார்த்தால் கறுத்த ஓட்டோடு ஒரு சிப்பி. சில ஊரில் மட்டி என்பார்கள். ஓரமாக வீசி எறிந்துவிட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தச் சிப்பியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நெல்லைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ சொல்வார் என்று உட்கார்ந்தால் மட்டியைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைக்காதீங்க. உரமும் வரும், மருந்தும் வரும். கொஞ்சம் பொறுங்க.

இரையைத் தேடி ஓட சிப்பிக்குத் தெரியாது. சேற்றில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு, ஓட்டை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கும். பின்பக்கம் இரண்டு துளை. ஒன்றின் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும், இன்னொன்றின் வழியாக வெளியே விடும். நடுவிலே செவுள் இருக்கிறது. அதுதான் சிப்பிக்கு மூச்சு, அதுதான் சல்லடை. செவுளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீரோடு வருகிற பாசித்துகள், நுண்கிருமி, மக்கிய தூசி எல்லாம் செவுளில் சிக்கி வாய்க்குப் போகும். பிடிக்காததைச் சளியில் உருட்டிச் சேற்றில் தள்ளிவிடும்.

நல்ல வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை இப்படிச் சலித்து அனுப்பும். இனத்தையும் தண்ணீரின் சூட்டையும் பொறுத்துக் கூடும், குறையும். நூறு சிப்பி பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தால் ஆயிரத்து இருநூறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. கூலி இல்லை, கரண்டு இல்லை. மாடு குடிக்கிற தண்ணீரையும் மீன் வாழ்கிற தண்ணீரையும் ராப்பகலாகத் தெளிய வைக்கிற ஆள் அது.

நம்பிக்கை இல்லையென்றால் பிள்ளைகளை விட்டுச் செய்து பார்க்கச் சொல்லுங்க. இரண்டு கண்ணாடிப் பாத்திரம். இரண்டிலும் குளத்துப் பச்சைத் தண்ணீர். ஒன்றில் மட்டும் கொஞ்சம் மணல் போட்டு உயிருள்ள சிப்பியை வைத்து, நிழலில் அசைக்காமல் விட்டுவிட வேண்டியது. சில மணி நேரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பார்த்த பிறகு சிப்பியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்க.

இப்போது உரத்துக்கு வருகிறேன்.

நானோ என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது. 2021இல் இஃப்கோ நிறுவனம் நானோ யூரியாவை அரை லிட்டர் பாட்டிலில் கொண்டுவந்தது. 2023இல் நானோ டி.ஏ.பி. வந்தது. 2024இல் நானோ துத்தநாகத்துக்கும் நானோ செம்புக்கும் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. இவை தவிர, வெள்ளி நானோ கலந்தது என்று சொல்லிக் கிருமிநாசினியும், நாற்றம் வராத துணியும், தண்ணீர் வடிகட்டியும் விற்கிறார்கள். வெயிலுக்கு முகத்தில் பூசுகிற களிம்பு பலவற்றில் டைட்டானியம் நானோ இருக்கிறது.

நானோ என்றால் அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமனே சுமார் எண்பதாயிரம், ஒரு லட்சம் நானோமீட்டர் வரும். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டருக்குள் இருக்கிற துகளைத்தான் நானோ துகள் என்கிறோம்.

பொடியாக்கினால் அப்படி என்ன ஆகிவிடும்? கல் உப்பையும் தூள் உப்பையும் தண்ணீரில் போட்டால் எது முந்திக் கரையும் என்று வீட்டிலே கேட்டுப் பாருங்க. தூள் உப்புத்தான். பொடியாகப் பொடியாகத் தண்ணீர் படுகிற பரப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரமாக ஒரு உலோகக் கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ஆறு பக்கமும் சேர்த்து ஆறு சதுர சென்டிமீட்டர் பரப்பு, ஒரு தபால்தலை அளவுதான். அதே கட்டியைப் பத்து நானோமீட்டர் துண்டாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகும். நம்ம கணக்கில் பதினைந்து சென்ட் நிலம். ஒரு நானோமீட்டராகவே நறுக்கிவிட்டால் 6,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! எடை கூடவில்லை. விரல் நுனியில் நிற்கிற கட்டிதான்.

இலைக்கு அது லாபம். கொஞ்சம் மருந்து நிறைய இடத்தில் படியும், சுருக்கக் கரையும். செடிக்கு எது லாபமோ, அதுவே செவுளுக்கு நஷ்டமாகிவிடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

எல்லா நானோவையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. நானோ யூரியா தழைச்சத்து, உலோகம் அல்ல. நான் சொல்லப் போகிறதெல்லாம் செம்பு, துத்தநாகம், வெள்ளி போன்ற உலோக நானோவைப் பற்றியது. யூரியா பாட்டிலைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம்.

செவுளில் என்ன நடக்கிறது?

தனித்தனி நானோ துகள் மிகச் சிறியது. சிப்பியின் சல்லடைக்குள் நழுவி வெளியே போய்விடவும் கூடும். ஆனால் குளத்தில் அது தனியாக இருப்பதில்லை. பாசியில் ஒட்டும், மக்கிய சத்தில் ஒட்டும், தன் இனத்தோடே சேர்ந்து கட்டி கட்டும். அப்படிச் சேர்ந்த பிறகு சிப்பிக்கு அது வழக்கமான இரை மாதிரித்தான் தெரியும். 2008இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நானோ தங்கம் ஒட்டிய பாசியைச் சிறு நன்னீர் மட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கம் செவுளிலும் குடல் பாகத்திலும் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கம் சும்மா கிடக்கிற உலோகம். செம்பும் வெள்ளியும் துத்தநாகமும் அப்படியல்ல, கரையும்.

கரைந்த வெள்ளி செவுளில் உப்புச் சத்தின் வாசலை அடைக்கும். நன்னீரில் வாழ்கிற பிராணிக்கு இது பெரிய கஷ்டம். சுற்றிலும் இருக்கிற தண்ணீரில் உப்பு கிடையாது, உடம்புக்குள்ளே இருக்கிற உப்போ கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரிலிருந்து துளித் துளியாகச் சேர்த்துத்தான் உயிர் வாழ வேண்டும். அந்த வாசல் அடைபட்டால் உடம்பு உப்பு வறண்டு தளர்ந்துபோகும். செம்பும் இதே வாசலைத்தான் கெடுக்கிறது. அதோடு விடாமல், உயிரணுவுக்குள்ளே பிராணவாயுவைத் தாறுமாறாகக் கிளப்பிவிட்டு, இரும்பு துருப்பிடிப்பது போல உள்ளுறுப்பை அரிக்கும். டைட்டானியம் நானோ அவ்வளவாகக் கரையாது. ஆனால் வெயில் பட்டால் அதுவும் இந்தத் துருவேலையைச் செய்யும்.

2020இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் நம்ம நாட்டு நன்னீர்ச் சிப்பியையே எடுத்து, செம்பு ஆக்ஸைடு நானோ கலந்த தண்ணீரில் விட்டுச் சோதித்து வெளியிட்டார்கள். செவுள் தண்ணீரைச் சலிக்கிற வேகம், மூச்சு, நோயை எதிர்க்கிற ரத்த அணுக்கள் எல்லாமே பாதிக்கப்பட்டிருந்தன. அதற்கு முன்பே 2008இல் கனடாவில், காட்மியம் கலந்த நானோ துகளை அந்த ஊர் ஆற்றுச் சிப்பிக்குக் கொடுத்தார்கள். ஒரே நாளில் ரத்த அணுக்கள் சோர்ந்துபோயின.

நத்தை கதை வேறு மாதிரி. நத்தை தண்ணீரைச் சலிப்பதில்லை. நாக்கால் சுரண்டித் தின்னும். கல்லிலும் தண்டிலும் படிந்திருக்கிற பாசிதான் அதற்குச் சோறு. 2011இல் அமெரிக்காவில் துத்தநாக நானோ கலந்த பாசியைக் குளத்து நத்தைக்கு வைத்தார்கள். உலோகம் நத்தையின் உடம்பில் ஏறியது. நத்தை இரை எடுப்பது குறைந்தது. தின்றதும் சரியாகச் செரிக்கவில்லை. வெள்ளி நானோவிலும் இதே கதைதான். தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், சாப்பாட்டுத் தட்டில் விஷம் இருக்கும்.

மேலே சொன்ன எதிலும் பிராணி செத்தது என்று நான் சொல்லவில்லை, கவனிச்சீங்களா? குளத்தில் விஷம் என்றால் மீன் மிதக்கும், நத்தை ஓடு கரை ஒதுங்கும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். சிப்பி அப்படி அவசரப்பட்டுச் சாகாது. தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். ஒரு நாள், சமயத்தில் பல நாள் கூட மூடியபடி இருக்கும். உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் சலிக்கவில்லை, தின்னவில்லை, வளரவில்லை. திறந்தால் கெட்ட தண்ணீர், மூடினால் பட்டினி. குளத்துக்கு வருகிற நஷ்டம் சிப்பி செத்த நாளில் ஆரம்பிப்பதில்லை; அது வாயை மூடிய நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பச்சைத் தண்ணீர் பச்சையாகவே நிற்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு நஷ்டம் இதைவிட மறைவானது. சிப்பிக் குஞ்சு முதலில் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில நாளோ சில வாரமோ சவாரி செய்யும். அப்புறம் உதிர்ந்து சேற்றில் இறங்கும். இறங்கிய புதிதில் பெரிய சிப்பி மாதிரி தண்ணீரைச் சலிக்க அதற்குத் தெம்பு இருக்காது. சேற்றுக்குள்ளேயே இருந்து, காலால் துழாவித்தான் இரை எடுக்கும். குளத்தில் விழுகிற நானோ உலோகத்தில் பெரும்பகுதி கடைசியில் எங்கே படிகிறது? அந்தச் சேற்றில்தான். ஏற்கெனவே நன்னீர்ச் சிப்பிக் குஞ்சு செம்பைத் தாங்கவே தாங்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் சில பத்து மைக்ரோகிராம் செம்பு கரைந்திருந்தாலே பல இனத்துக் குஞ்சுகளுக்கு ஆபத்து. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

பெரிய சிப்பி பல வருஷம் வாழும். அதனால் குஞ்சு பிழைக்காத குளத்திலும் பெரிய சிப்பி கிடைத்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர் சிப்பி நிறைய இருக்கிறதே என்று நினைப்பார். பிள்ளையே பிறக்காத ஊரில் கிழவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி!

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் ஊற்றுகிற அளவு, சாதாரணமாக ஆற்றிலும் ஏரியிலும் காண்கிற அளவைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். குளம் என்பது கண்ணாடித் தொட்டியும் அல்ல. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரிலும் மக்கு நிறைந்த தண்ணீரிலும் செம்பின் வேகம் குறையும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துக் காட்டில், சதுப்பு நிலம் மாதிரியே பெரிய பெட்டிகளை அமைத்து அதில் வெள்ளி நானோவை விட்டுப் பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியிட்டார்கள். சேற்றுக்குப் போன வெள்ளியில் பாதிக்கு மேல் கந்தகத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத பொருளாக மாறியிருந்தது. சேறு தன்னால் முடிந்த மட்டும் விஷத்தைக் கட்டிப்போடுகிறது. ஆனாலும் அங்கே வளர்ந்த செடியிலும் மீனிலும் புழுவிலும் வெள்ளி இருக்கத்தான் செய்தது.

அப்படியென்றால் பயப்பட வேண்டுமா, வேண்டாமா? அது தண்ணீரின் அளவைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாட்டிலில் பத்து கிராம் செம்பு இருக்கிறது என்று வையுங்க. முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள பண்ணைக்குட்டை நிறைந்திருந்தால் பதின்மூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர். பாட்டில் முழுவதையும் அதில் கொட்டினால்கூட லிட்டருக்கு ஏழரை மைக்ரோகிராம்தான் வரும். அதே பாட்டிலை வாய்க்கால் ஓரத்தில் ஐயாயிரம் லிட்டர் தேங்கி நிற்கிற பள்ளத்தில் கொட்டினால்? லிட்டருக்கு இரண்டாயிரம் மைக்ரோகிராம். ஆய்வுக்கூடத்து அளவு அங்கே நம்ம கையாலேயே வந்துவிடுகிறது. பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு விழுந்தாலே லிட்டருக்கு இருநூறு மைக்ரோகிராம். அதுவே குஞ்சுக்கு எமன்.

மாசி, பங்குனியில் கண்மாய் சுருங்கிக் குட்டையாகிற நேரத்தை யோசித்துப் பாருங்க. ஊர்ச் சிப்பியெல்லாம் அந்த மிச்சத் தண்ணீருக்குள்தான் ஒதுங்கி இருக்கும். நாம் தெளிப்பானைக் கழுவப் போவதும் அந்தத் தண்ணீருக்குத்தான், வேறே எங்கே தண்ணீர் இருக்கிறது! கோடையில் நத்தை மண்ணுக்குள் இறங்கி மூடியை இறுக்கிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். அது படுத்திருக்கிற வண்டலில்தான் கழுவிவிட்ட உலோகமும் படியும்.

ஆகவே வயலில் தெளிப்பதைவிட, தெளித்து முடித்த பிறகு செய்கிற வேலையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். தெளிப்பான் காலியானதும் கரைக்குத் தூக்கிப் போகாதீங்க. ஒரு குடம் தண்ணீரை வயலுக்கே கொண்டுபோய், மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றிக் குலுக்கி, அந்தக் கழுவலையும் பயிர் மேலேயே அடித்துவிடுங்க. காசு கொடுத்து வாங்கிய மருந்துதானே, அதுவும் வீணாகாது. பாட்டிலையும் இப்படியே அலசி, கலவையோடு சேர்த்துவிடலாம். மருந்து கலக்குகிற இடம் கிணறு, வாய்க்கால், குளத்தங்கரையிலிருந்து தள்ளி இருக்கட்டும். தண்ணீரை ஒட்டிய வரப்புப் பக்கம் சில சால் அகலத்துக்குத் தெளிக்காமல் விடுங்க. டிரோன் வைத்துத் தெளிக்கிறவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. மழை மூட்டம் இருக்கிற நாளில் தெளிப்பைத் தள்ளிப்போடுங்க. நெல் வயலாக இருந்தால் தெளித்த பிறகு சில நாளைக்குக் கழிமடையைத் திறக்க வேண்டாம்.

நானோ மட்டும்தான் குற்றவாளி என்றும் நினைக்கக் கூடாது. வயலில் பாசியைப் போக்க மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்மடையில் போடுவது பழைய வழக்கம். ஒரு கிலோ மயில்துத்தத்தில் கால் கிலோ செம்பு இருக்கிறது. நத்தையைக் கொல்ல உலகம் பூராவும் மயில்துத்தத்தைத்தான் முன்னாளில் வாங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்க. அளவில் நானோ பாட்டில் அதன் கிட்டே நிற்காது. ஆனால் மயில்துத்தம் நீலமாகத் தெரியும், கையில் எடுக்கும்போதே ஒரு பயம் இருக்கும். நானோ என்றால் கொஞ்சமாகத்தானே இருக்கிறது, ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு வருகிறது. அந்த நினைப்பைத்தான் விட வேண்டும்.

மீன்குட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளி கலந்த மருந்து நோயே வராமல் தடுக்கும் என்று யாராவது விற்க வந்தால், முன்னெச்சரிக்கையாக ஊற்றி வைப்போம் என்று வாங்காதீங்க. நோயும் இல்லாமல், மீன்துறையின் ஆலோசனையும் இல்லாமல் உலோகத்தைக் குட்டையில் விடுவது, சலிக்கிற ஆளை நாமே வேலையை விட்டு நிறுத்துவதாகும். துணியில் இருக்கிற வெள்ளியும் தங்குவதில்லை. 2008இல் அமெரிக்காவில் வெள்ளி நானோ கலந்த காலுறைகளைத் துவைத்துப் பார்த்தபோது, சில ரகம் நாலு துவைப்பிலேயே கிட்டத்தட்ட எல்லா வெள்ளியையும் தண்ணீரில் விட்டுவிட்டது.

நத்தையும் மட்டியும் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் நம்ம ஊர்ப்பக்கம் நிறைய உண்டு. நல்ல சத்துள்ள சாப்பாடு. ஆனால் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. மருந்து கழுவுகிற இடத்துக்குப் பக்கத்துக் குட்டையில் எடுக்காமல், பெரிய தண்ணீரில் எடுப்பது நல்லது. வாத்து மேய்க்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேடந்தாங்கலுக்கு வருகிற நத்தைகுத்தி நாரைக்குச் சொல்ல நம்மால் முடியாது. அது கிடைத்த இடத்தில் நத்தையைக் குத்தித் தின்னும்.

அடுத்த தடவை கண்மாயில் இறங்கும்போது காலில் குத்துகிற சிப்பியை எடுத்து அளவைப் பாருங்க. உள்ளங்கை நீளத்துக்குப் பெரிசு மட்டும்தான் கிடைக்கிறதா, விரல் நகம் அளவுக்குக் குஞ்சும் சேற்றில் இருக்கிறதா என்று ஒரு கூடைச் சேற்றை அலசிப் பாருங்க. மடைப் பக்கம் ஒரு தடவை, மருந்து கழுவுகிற படித்துறைப் பக்கம் ஒரு தடவை. ஒரு பக்கம் குஞ்சு இருந்து மறுபக்கம் இல்லையென்றால், இடத்தையும் மாதத்தையும் குறித்துக்கொண்டு மீன்துறை அலுவலரிடமோ உங்கள் மாவட்டத்து வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ போய்ச் சொல்லுங்க. தண்ணீரையும் சேற்றையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்துப் போவதாக இருந்தால், எப்படி எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு எடுங்க. மருந்து வந்த பாட்டிலில் மட்டும் எடுத்துவிடாதீங்க.